யாரும் விழாத இடம்

கண்டக்டரம்மாவை உட்கார வைக்க அந்த வீட்டில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. "வளைவு வருது" என்று சொல்ல வேண்டும். அதட்டலும் எடுபடாது, கெஞ்சலும் எடுபடாது. வளைவு என்று காதில் விழுந்ததும் எங்கே நின்றாலும் பக்கத்தில் இருப்பதில் உட்கார்ந்து, கைப்பிடி இருந்தால் கைப்பிடியை, இல்லாவிட்டால் தன் முழங்காலையே இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மாத்திரை கொடுப்பது, சாப்பிட வைப்பது, நகம் வெட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர் யாரோ, அவர் "தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். கண்டக்டரம்மா எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிடுவார்.

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டர். அந்தப் பாதையில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும் பள்ளம். அங்கே மட்டும் கண்டக்டரும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது அந்த வண்டியின் சட்டம். டிரைவர் குரல் கொடுப்பார், அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாண்டியதும் இன்னொரு குரல். மற்ற நேரமெல்லாம் அவருக்கு நின்றபடியேதான் பிழைப்பு. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "உக்காரவே நேரமில்ல, கல்யாணம் எங்க பண்றது" என்பார்.

தங்கை செத்துப்போனபோது அவளுடைய பிள்ளையை எடுத்து வளர்த்தது மட்டும் நடந்தது. அந்தப் பிள்ளைதான் இந்தக் குஷன்காரன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை மாற்றிக் கொடுக்கிறவன். வேலையில் கெட்டிக்காரன், அதை அவனே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறவன். பெரியம்மாவின் மேல் உயிரையே வைத்திருந்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது.

பெரியம்மாவுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாக இறங்கிப் போனபோதும் கால்கள் மட்டும் வேலையை விடவில்லை. ஹாலிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து வாசலுக்கு. வழியில் யார் நின்றாலும் முதுகில் கை வைத்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு" என்று தள்ளுவார். ஒரு தடவை தபால்காரரை அடுப்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆள் பாவம், அங்கேயே டீயும் குடித்துவிட்டுப் போனார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எரியாத அடுப்பில் கேஸ் திறந்து கிடந்த அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே வாசல் கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், லாரிகளுக்கு நடுவில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். யாரோ புண்ணியவான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டான்.

குஷன்காரன் கொட்டகையில் இருந்தால் தையல் மெஷின் சத்தத்தில் வீடு இடிந்தாலும் தெரியாது. அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை, விடிந்ததும் கிளம்ப வேண்டும். இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் மனைவிதான் சொன்னாள்.

"பகல்ல மட்டும் பார்த்துக்கற டே கேர் இருக்காமே. காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வரலாம். போய்ப் பார்ப்போம்ங்க."

முதலில் பார்த்தது ஒரு பழைய அச்சகம் இருந்த கட்டடம். உள்ளே நுழைந்ததுமே ஒரே இரைச்சல். ஒரு கிழவர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. சீட்டாட்டத்தில் ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு அம்மாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தார். ஒரு பணிப்பெண் அவரைத் தொடாமல், இடுப்புக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு பின்னால் போனாள். அந்த இடத்தை நடத்துகிற அம்மாவுக்குத் தொண்டை பெரிசு. அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசியே பெரிசாகிவிட்டது போலிருக்கிறது.

"அவங்களுக்கு எதுக்குக் கோவம் வரும்? எதுக்குப் பயப்படுவாங்க? எப்படி உக்கார வைப்பீங்க, எப்படி எழுப்புவீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க. வீட்டுல உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். எங்களுக்குத் தெரியாதுல்ல."

குஷன்காரன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் சீட்டாடுகிற ஒரு அம்மாவின் நெற்றியில் இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்திரி.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"விழுந்துட்டாங்க," என்றாள் நடத்துகிற அம்மா, கொஞ்சம்கூட மறைக்காமல். "நடக்கறவங்க விழத்தான் செய்வாங்க தம்பி. பின்னாலயே போறோம், தரையெல்லாம் பார்த்துப் பார்த்து வச்சிருக்கோம், இருந்தாலும் என்னைக்காவது ஒருத்தர் விழுவாங்க. எங்க இடத்துல யாருமே விழ மாட்டாங்கன்னு எவனாவது சொன்னா, அது எப்படின்னு கேளுங்க. அப்புறம் இன்னொண்ணு. எந்த இடத்தைப் பார்த்தாலும் சொல்லாம கொள்ளாம ஒரு தடவை போங்க. சாப்பாட்டு நேரத்துல போங்க."

மனைவிக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. குஷன்காரனுக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், "பெரியம்மா மண்டையை உடைச்சுக்கறதுக்கு நாம பணம் கட்டணுமா? அதுக்கு மெயின் ரோடே போதுமே" என்றான்.

"அந்தம்மா உள்ளதைச் சொன்னாங்க."

"உள்ளதைச் சொன்னா காயம் ஆறிடுமா?"

இவனுக்கு ஏற்கனவே மனசில் ஓர் இடம் இருந்தது. அங்கே போவதற்குத்தான் இந்தச் சுற்று வழி.

அந்த இரண்டாவது இடத்தில் மணி அடித்தால்தான் கதவு திறக்கும். முன்னறையில் பூவாசனை அடித்தது. மேலாளர் மெதுவாகப் பேசுகிறவர், காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோக வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய ஹால். சன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நாற்காலிகள், பழுப்பு நிற ரெக்சின், இரட்டைத் தையல். குஷன்காரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனையும் அவன் கைவேலை.

போன வருஷம் இதே மேலாளர் கொட்டகைக்கு வந்து, பழைய நாற்காலிகளைக் கொடுத்து, எப்படி வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார். பின்னங்கால்களைக் கொஞ்சம் அறுக்க வேண்டும். முன்விளிம்பு தூக்கலாக இருக்க வேண்டும். மெத்தை நன்றாக உள்வாங்க வேண்டும். வயசானவர்கள் முன்பக்கமாகச் சரிந்து விழாமல் இருக்கத்தானே என்று இவனே காரணத்தையும் எடுத்துக் கொடுத்தான். முதல் நாற்காலி முடிந்ததும் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். சாப்பிடக் கூப்பிட வந்த மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். மறுநாள் மேலாளரிடம் பெருமையாகச் சொன்னான்.

"உக்காந்தா எந்திரிக்க மனசே வராது சார்."

"எங்களுக்கும் அதாங்க வேணும்," என்று அவர் மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவனுக்கு மெச்சலாகப் பட்டது.

இப்போது அவர் அதே சிரிப்போடு சொன்னார். "ஆரம்பிச்ச நாள்ல இருந்து இங்க ஒருத்தர்கூட விழுந்ததில்லை."

எப்படி என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன செலவு? குஷன்காரன் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்து, கேட்டாயா என்பது போலத் தலையாட்டினான். அவள் மட்டும் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை நடந்துகிட்டே இருப்பாங்களே. இங்க நடக்க இடம் எங்க?"

"பின்னாடி தோட்டம் இருக்குங்க மேடம்," என்று அவர் திரைச்சீலை போட்ட ஒரு கதவைக் காட்டினார். திரையை விலக்கவில்லை. "பார்க்க வர்றதுன்னா சாயங்காலத்துல வாங்க. நடுவுல வந்தா அவங்க மனசு குழம்பிடும். சரி, அம்மா ஒரு இடத்துல இருக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே, உக்கார வைக்க ஏதாவது வழி இருக்கா?"

"ஒரே வழிதான் சார். வளைவு வருதுன்னு சொல்லுங்க, கப்புன்னு உக்காந்துடுவாங்க." மலைப்பாதைக் கதை முழுவதையும் சொன்னான். மேலாளர் ரசித்துக் கேட்டார். உட்கார வைத்தபின் எப்படி எழுப்புவது என்று அவர் கேட்கவில்லை. இவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. தட்டை எடுக்கும்போது வாயில் தானாக வருகிற ஒரு சொல்லை யார் ஒரு வழி என்று நினைத்து வைத்திருப்பார்கள்?

பெரியம்மா அந்த இடத்துக்குப் போக ஆரம்பித்த புதிதில் வீடே அடங்கிவிட்டது. சாயங்காலம் வந்த பெரியம்மா அடுப்படிப் பக்கம் போகவில்லை. கதவைத் திறக்கவில்லை. யாரையும் உள்ளே போகச் சொல்லித் தள்ளவில்லை. வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். குஷன்காரன் மனைவியிடம் மார்தட்டிக்கொண்டான்.

"பார்த்தியா, எவ்வளவு நிம்மதியா இருக்காங்க. நான் சொன்னேன்ல."

"நிம்மதியா இருக்கறது அவங்களா, நாமளா?" என்று அவள் கேட்டாள். அன்றிரவு பெரியம்மாவுக்குப் படுக்கை விரித்தவள், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நாள் பூரா காலைத் தொங்கப் போட்டு உக்காந்தவங்களுக்கு இப்படி வீங்கும். தொடையைத் தொட்டுப் பாருங்க, சதையே இல்ல."

"வயசாகலையா?"

"போன மாசம் வரைக்கும் வயசாகலையா?"

அவன் எரிந்து விழுந்தான். வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பதே அவளுக்கு வேலை என்றான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றாது, அவ்வளவு சுகம், செய்தவனுக்குத் தெரியாதா என்றான். அவள் பெரியம்மாவின் காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

அந்த வாரமே மேலாளர் போன் செய்தார். ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், இன்னும் நாற்காலிகள் வேண்டும். இந்தத் தடவை பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும்.

"இன்னுமா சார்?"

"ஒண்ணு ரெண்டு பேர் எப்படியோ எந்திரிச்சுடறாங்க."

போனை வைத்த பிறகு குஷன்காரன் தையல் மெஷினைப் போடவே இல்லை. கொட்டகை அமைதியாக இருந்தது. மாதிரிக்கென்று வைத்திருந்த நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது. போய் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தான். கைப்பிடியும் தாழ்வு, பிடிமானம் கிடைக்கவில்லை. இடுப்பு மட்டும் உள்ளே உள்ளே போனது. கடைசியில் பக்கவாட்டில் உருண்டு, தரையில் கை வைத்துத்தான் வெளியே வந்தான். அவனுக்கு வாட்டசாட்டமான உடம்பு.

அப்போது சாப்பாட்டு நேரம். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். முன்வாசலுக்குப் போகவில்லை. நாற்காலிகளைக் கொண்டுபோய் இறக்கியபோது பின்பக்க வழி அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. அது தோட்டத்தின் வழியாகப் போகிற வழி.

தோட்டம் இருந்தது. மேலாளர் பொய் சொல்லவில்லை. நடைபாதைக் கற்களுக்கு நடுவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து சாய்ந்திருந்தது. ஒரு கால் பட்ட தடம் இல்லை. ஹாலுக்குப் போகிற கதவின் குறுக்கே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை நகர்த்திவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அத்தனை பேர் இருக்கிற அறையில் ஒரு சத்தம்கூட இல்லை. டிவியில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்ட தட்டுகள் மடி மேலேயே இருந்தன. அவன் தைத்த பழுப்பு நிற மெத்தைகளுக்குள் ஒவ்வொருவரும் பாதி முழுகிக் கிடந்தார்கள், முழங்கால்கள் மேலே, தலை பின்னால். மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு பணிப்பெண், கையில் போன். சன்னலோரத்தில் பெரியம்மா. கொஞ்ச நேரம் அவர் அசையவில்லை. பிறகு இரண்டு கைகளும் கைப்பிடியைத் தேடின. உடம்பு முன்னால் வருவதற்கு ஒரு முயற்சி செய்தது.

பணிப்பெண் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வளைவு வருது."

பெரியம்மா அப்படியே பின்னால் சாய்ந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும் இல்லை. பக்கத்தில் இருந்த கிழவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு அடுத்த அம்மா பிடித்துக்கொண்டாள். மலைப்பாதையையே வாழ்நாளில் பார்த்திராதவர்கள், வரிசை முழுக்க, ஒருவர் விடாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கிற சுவரைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். குஷன்காரன் இந்தச் சொல்லைக் கொடுத்தது ஒருவருக்காக. அது அந்த ஹாலுக்கே சட்டமாகியிருந்தது.

அவனைப் பார்த்துவிட்ட பணிப்பெண் பதறி எழுந்தாள். "சார், இந்த நேரத்துல வரக்கூடாது சார்."

"தாண்டினதும் சொல்வீங்களா?"

"என்னத்த சார்?"

"வளைவு தாண்டினதும். தாண்டியாச்சுன்னு சொல்வீங்களா?"

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அப்படி ஒண்ணு இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே சார்," என்றாள்.

அவன் பெரியம்மாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். ஒரு காலத்தில் ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்ற உடம்பு, குழந்தை மாதிரி கைக்குள் வந்தது. மேலாளர் பின்னாலேயே வந்து மெதுவாக ஏதோ சொன்னார். இந்தத் தடவை இவன் காதைக் கிட்டே கொண்டுபோகவில்லை.

வீட்டில் சரிவு இல்லாத மர நாற்காலி ஒன்று இருந்தது. நேரான கால்கள், கெட்டியான பலகை, எழுந்திருக்க எந்தத் தடையும் இல்லாத நாற்காலி. அதில் பெரியம்மாவை உட்கார வைத்து, எதிரே மண்டி போட்டான். வேலையிலிருந்து வந்த மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முகம் ஏது?

"பெரியம்மா," என்றான். "வளைவு தாண்டியாச்சு."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல் எங்கேயோ போய்த் தொட்டது தெரிந்தது. கண்ணில் பழைய வேகம் வந்தது. இரண்டு கையையும் பலகையில் ஊன்றினார். தோள் எழும்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. பாதங்கள் தரையில் துழாவின. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊன்றினார். மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தார், அவை வேறு யாருடையவோ என்பது போல.

"தாண்டியாச்சு பெரியம்மா. எந்திரிங்க. நாங்கல்லாம் வழியில நிக்கிறோம் பாருங்க, உள்ள போகச் சொல்லுங்க." அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியம்மா சன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்து, தன் காலடியில் உட்காரச் சொன்னார்.

"இல்லடா, இன்னும் தாண்டல. திரும்பிக்கிட்டேதான் இருக்கு," என்றார். "நீயும் உக்காரு. விழுந்துடுவ."

அவன் உட்கார்ந்தான். அவர் ஒரு கையால் பலகையையும் மறு கையால் அவன் தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.